கடைமடையும் கடல் வெம்மையும்



இலக்கிய மேடையில் புயலைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். காவிரியைப் போற்றும் நாம், அவள் கடலைச் சேரும் இடத்தில் வாழ்வோரை மறத்தல் முறையன்று என்று தோன்றிற்று.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னங்கன்றை நாம் 'பிள்ளை' என்றே அழைக்கிறோம். நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் மறுபடி காய் காண ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். என் மைத்துனர் தம் தோப்பில் விழுந்த மரங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். 2016இல்தான் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்துச் சம்பா கருகியிருந்தது.

கஜாவுக்கு நான்கு திங்கள் கழித்து, 2019 மார்ச்சில், ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுகத்தை இடாய் என்னும் சூறாவளி தாக்கியது. மலாவி, சிம்பாப்வே நாடுகளும் தப்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த மக்காச்சோளம் நீரில் அழுகியது.

ஒரு புயலை மட்டும் சுட்டி, 'இது புவி வெப்பத்தால் பிறந்தது' என்று அறிவியலாளர் எளிதில் சொல்லார். கடல் வெம்மை கூடக்கூடப் புயலின் வலிமையும் அது கொட்டும் மழையும் கூடும் என்பதே அவர்தம் கூற்று. அவ்வெம்மையை வளர்த்த கரியமில வாயுவில் மொசாம்பிக்கியர் ஒருவரின் பங்கு உலகச் சராசரியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்தியர் ஒருவரின் பங்கு பாதிக்கும் குறைவு. அந்தச் சராசரி இந்தியரினும் எளியவர் நம் கடைமடை விவசாயத் தொழிலாளி.

நெல்வயலும் மீத்தேன் வாயுவை வெளிவிடுகிறதே என்பார்கள். உண்மை, தேங்கிய நீரின் அடியில் அது உண்டாகிறது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் குறையும். ஆனால் முறைத்தண்ணீர் என்று வரும், வந்தது எப்போது வடியும் என்று அறியாத கடைமடைக்காரரிடம் இவ்வறிவுரையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இடாய்க்குப் பின் மொசாம்பிக் அரசு பன்னாட்டு நிதியத்திடம் 11.8 கோடி டாலர் பெற்றது. வட்டியில்லை, ஆயினும் கடன். இழப்புக்கென ஒரு தனி நிதியம் அமைக்க உலக நாடுகள் இசைந்தது 2022இல், எகிப்து மாநாட்டில்தான். அதுவும் கொடுப்போர் மனம் வைத்தால் நிறையும் உண்டியலே. எவருக்கும் அது கடப்பாடு அன்று.

என் மைத்துனர் மறு ஆண்டே குழி வெட்டிப் புதுப் பிள்ளைகள் வைத்தார். அவை இப்போது காய்க்கின்றன. காய்க்காத ஆண்டுகளுக்கு வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறது.