திராட்சைக்கு ஒன்று, ஏலக்காய்க்கு ஒன்று

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நம்பி இணையதளம் தொடங்க நினைப்பவர், தள மென்பொருள் வேர்ட்பிரஸா ஜூம்லாவா என்று கேட்குமுன் தன் சரக்கைப் பார்க்கணும். பறித்த திராட்சை காத்திருக்காது. அவருக்கு வேண்டியது, பந்தலடியில் நின்றபடியே செல்போனில் அன்றைய விலையைத் தமிழில் மாற்றும் வசதி. அவ்வளவுதான்.

போடி ஏலக்காய் வியாபாரி கதை வேறு. காய்ந்த காய் மாதக்கணக்கில் தாங்கும். கூரியரில் டெல்லிக்கும் போகும். ஆர்டர், பணம், ரசீது, இருப்பு எல்லாவற்றையும் அவருடைய மென்பொருள் கவனிக்கணும்.

இருவர் தலையிலும் ஒரே பேக்கேஜைக் கட்ட ஆள் வரத்தான் செய்வார்! மென்பொருளுக்கே அவர் விலை சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வேர்ட்பிரஸ் 2003-லிருந்து இலவசம். ஹோஸ்டிங்குக்கும் தள முகவரிக்கும்தான் வருஷா வருஷம் பணம் கட்டணும்.

தினமும் விலையை மாற்றப் போவது யார்? அந்தப் பெயரை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.