போனட்டுக்குள் எந்தக் காற்று?



பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் கீ பார்ம் சந்தையைத் தாண்டிப் போனால் திரிங்காப் வரும். அந்தக் கடைத்தெருவில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே கேமரன் மலையின் பிழைப்பு புரிந்துவிடும். ஒரு பக்கம் புத்தம் புது ஹைலக்ஸ், ரேஞ்சர் பிக்கப்கள். அவற்றுக்கு நடுவே கதவைக் கழற்றிப் போட்ட ஒரு பழைய லேண்ட்ரோவர், முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டு நிற்கும். அதன் வயது பல நேரம் ஓட்டுநரின் வயதைவிடக் கூடுதலாக இருக்கும். ராணுவமும் அரசுத் துறைகளும் கழித்துக் கட்டிய வண்டிகளை வாங்கி, காய்கறித் தோட்டத்துக்கு ஓட்டிப் பழகிய ஊர் இது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் முதன்முதலாக வந்தபோது, போருக்குப் பிறகு எஃகு கிடைக்காத பஞ்சத்தில் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மழையும் மூடுபனியும் மாறி மாறி அடிக்கிற இந்த மலையில் அது இன்னும் உதிராமல் நிற்பதற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம்.

இந்த வண்டிகளை வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'கோல்ட் ஏர் இன்டேக்' போடலாமா, போட்டால் எது நல்லது? கடையில் பளபளக்கும் குழாயும் சிவப்புக் கூம்பு ஃபில்டரும் தொங்குகின்றன. விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வண்டி இல்லாதவர்களும் கொஞ்சம் கேளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை அதற்குக் காசு கேட்டுக்கொண்டிருக்கலாம்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. வெப்பம் 3 டிகிரி குறைந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும். அடர்த்தி கூடினால் அதே சிலிண்டருக்குள் கூடுதல் ஆக்சிஜன் போகும், கூடுதல் எரிபொருளை முழுதாக எரிக்கலாம். கோல்ட் ஏர் இன்டேக்கின் தத்துவம் இவ்வளவுதான், அது உண்மையும்கூட. பாலைவனத்தில் ஓட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயம். நமக்கு? இங்கே பகலிலும் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். குளிர்ந்த காற்று கதவுக்கு வெளியே காசில்லாமல் கிடக்கிறது.

ஆனால் மலைக் காற்று மெலிந்த காற்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. குளிர் அதில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. அப்படியும் மலையடிவாரத் தாப்பாவில் கிடைக்கிற காற்றைவிட 10 சதவீதமாவது குறைவாகத்தான் எஞ்சினுக்குள் போகும். டர்போ இல்லாத பழைய 2.25 லிட்டர் லேண்ட்ரோவர் டீசல் எஞ்சின் புதிதாக இருந்தபோதே 62 குதிரைத்திறன்தான். அதில் ஆறேழு குதிரையை மலையே பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் கரும்புகை கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்: டீசல் பழைய அளவில் போகிறது, காற்று போதவில்லை. மெலிந்த காற்றை எந்தக் குழாயும் தடிமனாக்காது. அதைச் செய்ய டர்போ வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்கள் வண்டி இப்போது எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்பது. போனட்டைத் திறந்து ஏர் பாக்ஸைப் பாருங்கள். அதன் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால், இன்றைய பிக்கப்களில் பெரும்பாலும் அது முன்சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டுக்குள் போய் முடியும். அங்கே வருவது எஞ்சின் சூடு படாத வெளிக்காற்று. கம்பெனியே கோல்ட் ஏர் இன்டேக்கைப் பொருத்தித்தான் விற்றிருக்கிறது! அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூடியில்லாத கூம்பு ஃபில்டரைப் போனட்டுக்குள் திறந்தபடி வைத்தால் என்ன நடக்கும்? வெளியே 20 டிகிரி இருக்கும்போது, முதல் கியரில் ஊர்ந்து ஏறுகிற வண்டியின் போனட்டுக்குள் 50 டிகிரி சாதாரணம். அந்த 30 டிகிரி வித்தியாசம் இன்னொரு 10 சதவீதக் காற்றைத் தின்றுவிடும். மலை எடுத்தது போதாதென்று நாமும் எடுக்கிறோம், அதற்குக் காசும் கொடுத்து.

டர்போ வண்டியில் கதை இன்னும் தெளிவு. டர்போ அழுத்தும்போதே காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதைக் குளிர்விப்பது இன்டர்கூலர். மேலும் எவ்வளவு டீசல் ஊற்றுவது என்பதை வண்டியின் கணினி தன் கணக்குப்படி முடிவுசெய்கிறது. காற்று கொஞ்சம் தாராளமாக வந்ததற்காக அது கூடுதலாக ஊற்றிவிடாது. இன்டர்கூலரின் இடுக்கில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவினால் கிடைக்கிற பலன், பல புதுக் குழாய்களில் கிடைக்காது. குழாய் மாற்றியதும் 'ஹுஷ்' என்று ஒரு சத்தம் வரும். காதுக்கு அது சக்தி மாதிரிதான் கேட்கும். சத்தம் பிடித்திருந்தால் சத்தத்துக்காகவே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஏற்றத்தில் இழுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

அப்படியானால் வெளியில் வாங்கும் இன்டேக் யாருக்குத்தான் தேவை? அந்தப் பழைய லேண்ட்ரோவர்க்காரருக்கு. அவருடைய வண்டியில் பல நேரம் பிறவி எஞ்சினே இருக்காது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய வண்டியிலிருந்து ('ஹாஃப்-கட்') ஒரு டீசல் எஞ்சினை வாங்கி, போர்மேன் எப்படியோ பொருத்தியிருப்பார். அதன் ஏர் பாக்ஸ் லேண்ட்ரோவரின் போனட்டுக்குள் அடங்காது. கடைசியில் ஒரு கூம்பு ஃபில்டரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு முடுக்கிவிடுவார்கள். எஞ்சின் மாற்ற ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் அதன் மூச்சுக்கு ஐம்பது வெள்ளியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் விளங்காத கணக்கு. இவர் வாங்க வேண்டியது மூடிய பெட்டி. நல்ல ஒட்டுப்பட்டையுள்ள, மூடியை இறுக்கி மாட்டும் கொக்கியுள்ள பெட்டி. பெரிய டீசல் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டியாகவும் இருக்கலாம். அளவு முக்கியம். 2.25 லிட்டர் எஞ்சின் 4,000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 லிட்டர் காற்றை இழுக்கும், 2.8 லிட்டர் டர்போ அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்னக் காரின் ஃபில்டரைப் பெரிய எஞ்சினுக்கு மாட்டினால் திணறும், சீக்கிரம் அடைக்கும். பெட்டியை மேனிஃபோல்டுக்கு எதிர்ப்புறம் வைத்து, குழாயை மட்கார்டு வழியே வெளியே கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி ஃபில்டர். கடைக்காரர் எவ்வளவு காற்று போகும் என்பதை மட்டும் சொல்வார். எவ்வளவு மண் போகும் என்று நாம்தான் கேட்க வேண்டும். இந்த மலையின் மண் பெரும்பாலும் கிரானைட் பாறை மக்கி வந்தது, அதில் படிக மணல் அதிகம். தோட்டத்து மண்சாலை நாலு நாள் காய்ந்தாலே முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி பின்னால் வருகிறவனின் எஞ்சினுக்குள் போகப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள்தான் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அராவுகின்றன. பிறகு எஞ்சின் ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், ஏற்றத்தில் இன்னும் சோர்ந்துபோகும்.

பழைய லேண்ட்ரோவரில் இருந்தது எண்ணெய்க் குளியல் ஃபில்டர். காற்று எண்ணெய்மேல் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், மழைக்கும் அசராது. ஆனால் நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் காகித ஃபில்டருக்கு ஈடாகாது. வண்டி ரொம்பவும் சாய்ந்தால் எண்ணெயும் தளும்பும். காகித ஃபில்டர் தூசியைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். அதன் எதிரி தண்ணீர். நனைந்தால் ஊறி அடைக்கும், சில நேரம் கிழியும். எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டருக்கு, கே அண்ட் என் போன்ற பெயர்களால், உலகம் முழுக்கப் புகழ் உண்டு. காற்று தாராளமாகப் போகும், கழுவிப் போடலாம். ஆனால் நல்ல காகிதத்தோடு ஒப்பிட்டால் நுண்தூசியைக் கூடுதலாக விட்டுவிடும். எண்ணெயை அள்ளித் தடவினால் அது பறந்துபோய், காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படிந்து, கணினிக்குத் தப்புக் கணக்குச் சொல்லும். குழாயின் குறுக்களவை மாற்றினாலும் அதே சென்சார் ஏமாறும். ஆகவே அந்தச் சென்சார் உள்ள புது வண்டிக்குக் குழாய் வாங்கினால், சென்சார் உட்காரும் இடத்தின் அளவு பழையபடியே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். என் தீர்ப்பைக் கேட்டால், தேயிலைத் தோட்டத்துச் சாலைக்கும் காய்கறித் தோட்டத்துச் சாலைக்கும் மூடிய பெட்டியில் நல்ல காகித ஃபில்டர்தான். போட்டி வண்டி ஓட்டுகிறவன் பருத்தியை வைத்துக்கொள்ளட்டும்.

இனி தண்ணீர். இங்கே ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மழை பிய்த்து எடுக்கும். 2013 அக்டோபர் 23 அன்று ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் பாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உயிர்களே போன இரவு அது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு முன்னால் எந்த வண்டியும் எந்தக் குழாயும் நிற்காது. திரும்பிப் போவதுதான் வழி. நான் சொல்வது அன்றாடம் கடக்கிற ஓடையும் மழைக்குப் பிறகு ரோட்டில் தேங்கும் தண்ணீரும். தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் ஒரு வாய் தண்ணீர் போனால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராட் வளையும். பழைய டீசல் எஞ்சின் காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்குகிறது. அதில் தண்ணீருக்கு இடமே இல்லை. மட்கார்டுக்குள் முடிகிற குழாய்க்கு இதுதான் ஆபத்து.

அதனால்தான் ஸ்நோர்கல். கூரை உயரத்தில் காற்றை எடுப்பதால் தண்ணீரிலிருந்து மட்டுமின்றிப் புழுதியிலிருந்தும் காப்பாற்றும். அங்கே காற்று சுத்தம், குளிரும் உண்டு. மலைக்காட்டுப் பாதையில் அடிக்கடி போகிறவர் வாங்கத் தகுந்த ஒரே 'கோல்ட் ஏர் இன்டேக்' இதுதான் என்பது என் கருத்து. ஆனால் ஊரில் பார்க்கிற ஸ்நோர்கல்களில் அலங்காரத்துக்கு நிற்பவையும் உண்டு. மட்கார்டில் ஓட்டை போட்டு வெளியே மாட்டியிருப்பார்கள், உள்ளே ஏர் பாக்ஸோடு சேரும் இடத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் வடிகால் வால்வு கிழிந்திருக்கும். தண்ணீர் அந்த வழியாகப் போகும். பொருத்தியதும் எஞ்சினை ஓடவிட்டு ஸ்நோர்கல் வாயை உள்ளங்கையால் ஒரு கணம் மூடச் சொல்லுங்கள். எஞ்சின் திணற வேண்டும். அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஸ்நோர்கல் போட்டதால் வண்டி கப்பலாகிவிடாது: பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டருக்குக் கம்பெனி சொன்ன ஆழம் 50 சென்டிமீட்டர், ஹைலக்ஸுக்கு 70. ஆக்ஸிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் காற்றுக்குழாய் உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து, இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபேச்சு.

எதை மாற்றுவதாக இருந்தாலும் முன்கூட்டியே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யிலும் காப்புறுதி நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பதில் வேறுமாதிரி வரும்.

கடைக்குப் போகும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதற்கு அப்பால் எஞ்சினை நோக்கிப் போகும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் காசை வீட்டிலேயே வைத்திருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால், குழாயின் பளபளப்பைப் பார்க்காமல், முதலில் ஒரு நல்ல ஃபில்டரையும் புதுக் கிளிப்புகளையும் வாங்கி மாட்டுங்கள்.