காசின் வடிவம் சொல்லும் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, ஸ்ரீராம்புரம், பெங்களூரு)



இங்கிருந்து மெட்ரோவில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் யஷ்வந்தபுரம். 1891இல் அங்கே ரயில் பாதைக்காக மண் வெட்டியபோது ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் போன்ற பேரரசர்களின் தலை பொறித்த வட்டக் காசுகள். ஏறத்தாழ அதே காலத்தில் மதுரைப் பக்கம் புழங்கிய பாண்டியர் செப்புக் காசுகளோ சதுரமானவை. வட்டமில்லாத காசைச் சேர்ப்பவர்கள் பலரும் அதை விந்தைப் பொருளாகவே பார்க்கிறார்கள். அந்த வடிவத்துக்குள் ஒரு பட்டறைக் கணக்கு இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

வெள்ளி முத்திரைக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியைத் தகடாகத் தட்டி, பட்டையாக வெட்டி, துண்டு போட்டார்கள். எடை 32 குன்றிமணி, சுமார் 3.4 கிராம். எடை கூடினால் மூலையை நறுக்கினார்கள். காசைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வெட்டு தெரியும். மூளியாகத் தெரியும் காசுதான் சரியான எடைக்காசு! காந்தாரத்தில் பட்டையையே வளைத்து, இரு முனையிலும் முத்திரை குத்தினார்கள். அது சுமார் 11 கிராம்.

பாண்டியரின் சதுரக் காசில் ஒருபுறம் குதிரை, தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’. மறுபுறம் கோடுகளால் ஆன மீன். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் இதை அடையாளம் கண்டு வெளியிட்டார். சங்கப் பாடல்களில் கேட்ட வழுதி என்ற பெயர் செம்பிலும் கிடைத்தது.

கண்டி நாட்டில் தூண்டில் முள் போல வளைத்த வெள்ளிக் கம்பியே காசு. பாரசீகத்து லார் நகரின் பெயரால் வந்த லாரி இனம் அது. கண்டியில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், இதை யாரும் செய்துகொள்ளலாம் என்கிறார். சோதனை ஒன்றுதான்: பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். கம்பியாக இருந்ததால் சூடேற்றிப் பார்ப்பதும் வளைப்பதும் எளிது.

சேகரிக்கும் இளைஞர்களுக்கு மூன்று சொல். செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். புதையலாகக் கிடைத்தால் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவியுங்கள். காசு எந்த ஊரில், எந்த ஆற்றில் கிடைத்தது என்பதை எடையோடு சேர்த்து அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். வடிவத்தைப் பின்னால் வருகிறவர் தாமே பார்த்துக்கொள்வார். கிடைத்த இடத்தை நீங்கள்தான் சொல்ல முடியும்.