மருத்துவ மாணவரும் நாட்டு வைத்தியமும்



நாட்டு வைத்தியம் என்றதும் உங்களுள் ஒருசாரார் வெளிப்படையாக நகைக்கின்றனர். மறுசாரார் மேடையிலே முன்னோர் பெருமை பேசிவிட்டு விடுதியறையிலே நகைக்கின்றனர். இவ்விருவருள் முன்னவரே நேர்மையாளர் என்பது எமது கருத்து.

ஆயின், அந்நகைப்பினாற் கேடுறுபவன் யார்? வயலிலே புடையன் தீண்டிய கமக்காரன்! அவன் முதலில் விஷகடி வைத்தியரிடம் செல்கின்றான். பச்சிலை வைத்துக் கட்டுகின்றனர். சிலவேளை கடிவாயைக் கீறியும் விடுகின்றனர். புடையன் நஞ்சோ குருதியை உறையவிடாதது. கீறிய புண்ணிலிருந்து குருதி நில்லாது கசியும். ஆசுபத்திரிக்கு வந்தபின், ஏச்சுக்கு அஞ்சி, நடந்ததை அவன் மறைக்கின்றான். கண்ணாடிக் குழாயிலே குருதியை 20 நிமிடம் வைத்து, உறைகின்றதா என்று நீங்கள் சோதிக்கலாம். இழந்த நாழிகையை எக்குழாய் காட்டும்? நஞ்செதிர் ஊசிமருந்துக்கு ஈடாகப் பச்சிலை எதுவுமில்லை என்பதை நாம் ஐயமின்றிக் கூறுகின்றோம். அதனை அவன் நம்பும்படி எடுத்துரைக்க வேண்டியவர், அவனை நகைத்தவரா?

மூலிகையெல்லாம் தீங்கற்றவை என்போரும் அறிக: கார்த்திகைக் கிழங்கு உயிரைக் குடிக்கும். அதிலுள்ள கொல்கிசின் என்னும் பொருளையே, அளவறிந்து, மூட்டுவீக்கத்துக்கு நீங்களும் கொடுக்கின்றீர்கள். சர்ப்பகந்தி வேரைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளரிடம் ஆராய்ந்து, குருதியழுத்தத்தைத் தணிக்கும் என 1949இல் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அவர் வேரைப் போற்றவுமில்லை, தூற்றவுமில்லை, அளந்து பார்த்தார்.

1847இல் இங்கு வந்த அமெரிக்கரான வைத்தியர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அந்நியர் அவர் எம்மொழியைக் கற்றார். எம்மவராகிய நீங்களோ நோயாளியின் வீட்டுமருந்துப் பெயரையும் அறியீர்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடமும், கைதடியிலுள்ள சித்தமருத்துவக் கற்கையும் ஒரே கூரையின் பிள்ளைகள். இரு பகுதி மாணவரும் ஒரு மாதமேனும் மாறிச் சென்று பயிலட்டும். கைதடி மாணவர் நஞ்சுண்டார் படும் பாட்டை விடுதியிலே காணட்டும். நீங்கள் மூலிகைத் தோட்டத்திலே கார்த்திகைக் கொடியை இனங்காணப் பழகுங்கள்.

அதுவரை ஒன்று செய்யலாம். நோயாளியின் வரலாற்றை எழுதும்போது, பேனாவைச் சற்றே கீழே வைத்து, “வேறெங்கேனும் மருந்து எடுத்தீர்களா, அப்பு?” என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.