மரியான் நோர்த் தீட்டிய செடிகள்



தாவரவியல் கொப்பியில் நாம் வரைந்த செவ்வரத்தம்பூ நினைவிருக்கிறதா? வெள்ளைத் தாள், கூர் பென்சில், ஒரே கோடு. நிழல் போடக்கூடாது. பின்னால் வேலியோ இதழில் எறும்போ வந்தால் புள்ளி குறையும். பூவைப் பாகம் பாகமாய் அறிய அந்த முறை வேண்டியதுதான். ஆனாலும் வாங்கிய ஏச்சை நாம் மறக்கவில்லை.

மரியான் நோர்த் அந்த எறும்பையும் வேலியையும் விடாதவர். தந்தை இறந்தபின், 1871 இல், நாற்பது வயதில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுப் பெரும்பாலும் தனியாகவே உலகைச் சுற்றினார். ஆட்சியாளர்களின் அறிமுகக் கடிதங்கள் அவருக்கு வழி திறந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேராதனைக்கும் வந்தார். 1877 இல் களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கமரன் அவரைப் புகைப்படம் எடுத்தார்.

செடியைப் பிடுங்கி மேசையில் வைக்காமல், அது நிற்கும் இடத்துக்கே போய் எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். பின்னால் மலையோ ஆறோ இருக்கும். பூவைத் தேடிவந்த பறவையும் சில படங்களில் இருக்கும். இதை வெறும் அழகுக் காட்சி என்று தள்ளிவிட முடியாது. சரவாக்கில் அவர் தீட்டிய கெண்டிச்செடியொன்று அறிஞர்களுக்கு அதுவரை தெரியாதது. படத்தைக் கண்டபின்னரே அதைத் தேடிப்பிடித்தார்கள். அவர் பெயரையே அதற்கு இட்டார்கள்.

இலண்டனிலுள்ள சகோதரிகளே, கியூ பூங்காவில் அவர் சொந்தச் செலவில் கட்டி 1882 இல் திறந்த கூடம் இன்றும் இருக்கிறது. 800க்கு மேற்பட்ட படங்கள், சுவர் தெரியாதபடி. இலங்கைப் படங்களைத் தேடிப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.