பேலன்ஸ் எவ்வளவு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் எங்கள் குழுவில் இரண்டாவது பிரதிநிதி. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். என்னைப் பேசச் சொன்னதும், நான் செஞ்ச ஒரு தப்பைத்தான் பேசணும்னு முடிவு பண்ணினேன். அந்தத் தப்பு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் வந்தது. 'பேலன்ஸ்.'

இந்த வார்த்தை தெரியாதவங்க இங்க யாரும் இல்லை. காலையில் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பேலன்ஸ் இறங்கும்போது வாங்கிக்கம்மா"ன்னு டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதித் தர்றார். அது நமக்கு வரவேண்டிய காசு. மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் நோட்டைப் புரட்டி, "பேலன்ஸ் நானூத்தம்பது இருக்கு"ங்கிறார். அது நாம கொடுக்கவேண்டிய காசு. போனில் பேலன்ஸ் இல்லைன்னா பேச முடியாது. வீட்டில் பையன் சைக்கிள் பழகும்போது, "பேலன்ஸ் பண்ணுடா"ன்னு பின்னாடியே ஓடறோம். அங்க காசே கிடையாது, விழாமல் இருக்கணும், அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஒரு இடத்தில் வரவு, ஒரு இடத்தில் கடன், ஒரு இடத்தில் ரெண்டுமே இல்லை.

பஸ்ஸிலும் கடையிலும் நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஆளும் இடமும் கண் முன்னாடி இருப்பதால் அர்த்தம் தானா புரிஞ்சிடும். பேங்க் கணக்கில் அப்படி இல்லை. அங்க ஒரு எண் மட்டும்தான் கண்ணில் தெரியும்.

எங்கள் குழுவுக்கு பேங்கில் ரெண்டு கணக்கு. ஒண்ணு சேமிப்புக் கணக்கு. இன்னொண்ணு சி.சி. கடன் கணக்கு. கடனுக்கு 3,00,000 ரூபாய் வரம்பு கொடுத்திருந்தாங்க. அதில் ஆறு பேருக்கு ஆளுக்கு 30,000 வீதம் 1,80,000 எடுத்திருந்தோம். மீதியை அடுத்த மாதம் கறவை மாடு வாங்கப்போகும் நாலு பேருக்குன்னு ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தோம். ரெண்டு கணக்குக்கும் குறுஞ்செய்தி வர்றது ஒரே போனுக்குத்தான். அந்தப் போன் அப்போ என்கிட்ட இருந்தது.

அன்னைக்கு வாராந்திரக் கூட்டம். ஒரு செய்தி வந்தது. 'அவைலபிள் பேலன்ஸ்' 1,20,000 ரூபாய்னு போட்டிருந்தது. எந்தக் கணக்குன்னு நான் பார்க்கவே இல்லை. பெருமையா, "நம்ம சங்கத்து அக்கவுண்ட்ல ஒரு லட்சத்து இருபதாயிரம் பேலன்ஸ் இருக்கு"ன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிச்சேன்.

ஒரு அக்கா எழுந்தாங்க. முகம் சிவந்திருந்தது. "போன மாசம் பிள்ளை காலேஜ் ஃபீஸுக்கு இருபதாயிரம் கேட்டேன். சங்கத்துல காசே இல்லைன்னு ஊக்குநர் சொன்னாங்க. காதுல கிடந்த தோட்டை அடகு வெச்சுக் கட்டினேன். இப்ப இந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "அப்ப தெரியாம எங்க வெச்சிருந்தாங்களாம்?"னு இன்னொருத்தர் சேர்ந்துக்கிட்டாங்க.

பதினோரு வருஷமா ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு வெச்சவங்க எங்க ஊக்குநர் அக்கா. ஒரு வார்த்தை பேசல. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாத்தையும் பாயில் எடுத்து வெச்சாங்க. "வேற ஆளைப் போட்டுக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.

மறுநாள் நானும் இன்னும் ரெண்டு பேரும் பேங்குக்குப் போனோம். அங்கிருந்த மேடம் ஒரு தாளில் மூணு எண் எழுதிக் காட்டினாங்க. சேமிப்புக் கணக்கில் 6,400. இது உங்க காசு. கடன் கணக்கில் 1,80,000. இது நீங்க கட்டவேண்டியது. அதே கடன் கணக்கில் 1,20,000. இது நீங்க இன்னும் எடுக்காத கடன். எடுத்தால் அன்னையிலிருந்து வட்டி ஓடும். "இந்த மூணுக்கும் இங்கிலீஷில் பேலன்ஸ்னுதாம்மா பேரு"ன்னு சொன்னாங்க. பதிவுத்தாளில் 'சி.ஆர்.'னு இருந்தால் நம்ம பணம் பேங்கில் இருக்கு, 'டி.ஆர்.'னோ கழித்தல் குறியோ இருந்தால் நாம பேங்குக்குக் கொடுக்கணும்னும் காட்டினாங்க. நான் சங்கத்துப் பணம்னு படிச்சது வாங்காத கடனை!

இந்த வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு பின்னாடி என் மகளைக் கேட்டேன். அவள் அகராதி பார்த்துச் சொன்னாள். லத்தீன் மொழியில் 'பி' என்றால் இரண்டு, 'லாங்க்ஸ்' என்றால் தட்டு. ரெண்டு தட்டுள்ள தராசுதான் பேலன்ஸ். இந்தத் தட்டில் வந்தது, அந்தத் தட்டில் போனது. ரெண்டும் சமமாக நிற்க இன்னும் எவ்வளவு வேணுமோ அதுவும் பேலன்ஸ். அதனால்தான் அது வரவாகவும் இருக்கும், கடனாகவும் இருக்கும். எந்தத் தட்டுன்னு சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி.

நம்ம தமிழில் இதுக்குத் தனித்தனி வார்த்தை இருக்கு. கையிலோ கணக்கிலோ இருப்பது இருப்பு. கட்டவேண்டியது நிலுவை. செலவு போக நிற்பது மீதி. கண்டக்டர் தரவேண்டியது சில்லறை. 'பாக்கி'ங்கிறதிலும் எச்சரிக்கையா இருக்கணும். "பாக்கி கொடுங்க"ன்னு கடைக்காரரும் நம்மைக் கேட்பார், நாமும் அவரைக் கேட்போம். இங்கிலீஷ் மேல மட்டும் பழி போடக்கூடாது.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை நானே எல்லார் முன்னாடியும் படிச்சேன். தப்பு என்னுதுன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடியே ஊக்குநர் அக்கா வீட்டுக்கு மூணு தடவை நடந்தேன். மூணாவது தடவைதான் கதவைத் திறந்து, "உள்ள வா, டீ போடறேன்"னாங்க. இப்ப மறுபடியும் அவங்கதான் ஊக்குநர். தோடு அடகு வெச்ச அக்காவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு உள்கடன் கொடுத்தோம், தோட்டை மீட்டுட்டாங்க. ஆனால் அந்த ரெண்டு பேரும் முன்ன மாதிரி பக்கத்துல பக்கத்துல உட்கார்றதில்லை. அந்த நிலுவை இன்னும் என் பேரில்தான் இருக்கு.

அதனால் உங்களை நான் கேட்டுக்கொள்வது மூணே விஷயம். தீர்மானப் புத்தகத்தில் பேலன்ஸ்னு தனியா எழுதாதீங்க. இருப்பா, நிலுவையா, எடுக்காத கடனான்னு எழுதுங்க. எண்ணைப் படிக்கும்போது எந்தக் கணக்கு, எந்தத் தேதிக்குன்னு சேர்த்துப் படிங்க. கடன் பேலன்ஸ் இவ்வளவுன்னு யார் சொன்னாலும், வட்டி சேர்த்தா சேர்க்காமலான்னு கேளுங்க. கேட்கிறதில் வெட்கமே வேண்டாம்.

1989-ல் தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கினப்போ, கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே நமக்குப் பெரிய விஷயமா இருந்தது. இப்ப கையெழுத்துக்கு மேலே இருக்கிற எண்ணையும் வார்த்தையையும் புரிஞ்சுக்கிட்டு கையெழுத்துப் போடணும். பணம் தப்பினால் திருப்பிக் கட்டிடலாம். ஒருத்தர் மேல் வெச்ச நம்பிக்கை தப்பினால் அதுக்குத் தவணை கிடையாது.