விலாசத்தை மறைக்க வேண்டாம்

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர மாணவியருக்கும் அண்மையில் பாடசாலையை விட்டு விலகியவர்களுக்குமாகக் கலஹாவில் எமது சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சுயவிபரக் கோவை எழுதுவது எப்படி, நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாவது எப்படி என்று பேசும்படி கேட்டார்கள். சில ஆண்டுகளாக நான் ஆட்களைத் தெரிவுசெய்யும் குழுக்களில் இருந்து வருகிறேன். தோட்டப்புறப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். தங்களிடம் இருப்பதைவிடக் குறைவாகவே எழுதுகிறார்கள். தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுக் 'கண்டி' என்று மட்டும் போடுகிறார்கள். 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார்கள்.

உண்மையில் இல்லையா? பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அதை 'பொழுதுபோக்கு' என்று எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தப் பாடம், எத்தனை மாதம் கற்பித்தீர்கள் என்று எழுதுங்கள். ஓய்வு பெற்ற பாட்டிக்கு ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, தொழில் அலுவலகத்தில் சிங்களத்தில் பேசிக் காரியம் முடித்திருப்பீர்கள். அது மொழித்திறனும் ஆட்களோடு பழகும் திறனும். கோயில் திருவிழாக் கணக்கை எழுதியிருந்தால் அதுவும் கணக்குத்தான். செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம். செய்ததை விடவும் வேண்டாம்.

சுயவிபரம் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். பெயர், விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல் மேலே வரட்டும். மின்னஞ்சல் முகவரியில் உங்கள் பெயர் இருக்கட்டும், செல்லப் பெயர் வேண்டாம். அடுத்துக் கல்வி: அண்மையது முதலில். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் அதன் மட்டத்தைக் குறிப்பிடுங்கள். படிவத்தில் கேட்டாலொழிய சமயம், தந்தையின் தொழில் போன்றவை தேவையில்லை. உங்களைப் பற்றி விசாரிக்க உறவினரல்லாத இருவரின் பெயரைக் கொடுங்கள். கொடுக்குமுன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். எந்த வேலைக்கு அனுப்புகிறீர்களோ அதற்கேற்றபடி ஒவ்வொரு முறையும் திருத்துங்கள்.

அரச பதவி என்றால் வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியைப் பாருங்கள். அதில் சொன்ன படிவம், சொன்ன திகதி, பதிவுத் தபால், உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயர், உறுதிப்படுத்திய கையொப்பம் என்று ஒவ்வொன்றையும் பென்சிலால் குறியிட்டுச் சரிபாருங்கள். திறமை குறைந்ததால் அல்ல, இவற்றில் ஒன்று தவறியதால் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவதுண்டு.

நம் ஊரில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், சாதாரண தரப் பெறுபேற்றில் இன்னொரு விதமாகவும் 'லெட்சுமி'யின் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. இன்றே வீட்டுக்குப் போய் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். அது முடியும்வரை இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி ஒன்று கையில் இருக்கட்டும்.

இரண்டாவது கடிதம். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறி வருகிறது. திங்கட்கிழமை நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் புதன்கிழமை கிடைத்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே தோட்டம், பிரிவு எல்லாவற்றையும் முழுமையாக எழுதுங்கள். மாறாத தொலைபேசி இலக்கம் ஒன்றைக் கொடுங்கள். விண்ணப்பித்த பின் தபால் அலுவலகத்திலும் தோட்ட அலுவலகத்திலும் சொல்லி வையுங்கள்.

இனி நேர்முகப் பரீட்சை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. இரண்டு நிமிடத்தில் யார், என்ன படித்தேன், என்ன செய்தேன், ஏன் இந்த வேலை என்று சொல்லப் பழகுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள். நண்பிக்கு முன்னால் மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

"கலஹா எங்கே இருக்கிறது?" என்றும் கேட்பார்கள். கூச்சப்படாதீர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று சொல்லுங்கள். அந்த ஏக்கர்களை வெட்டித் திருத்தி நட்டவர்களின் வழியில் வந்தவள் நான் என்றும் சொல்லுங்கள். பேராதனையில் கலஹா சந்தி இருக்கிறது. அங்கிருந்து நம் ஊருக்கு வரும் வீதி பல்கலைக்கழக வளாகத்தினூடாக வருகிறது. பஸ்ஸின் ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்த தாய்மாரின் பிள்ளைகள் நீங்கள்.

மொழி பற்றியும் பயம் வேண்டாம். 1987 இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரச சேவைக்கான போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தனியார் நிறுவனத்தில் ஆங்கிலமோ சிங்களமோ தேவைப்படும். விளங்காவிட்டால் "தயவுசெய்து மீண்டும் கேட்க முடியுமா?" என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

"கல்யாணம் முடித்தால் வேலையை விடுவீர்களா?" என்று பெண்களிடம் இன்னும் கேட்கிறார்கள். கோபப்படவோ தலைகுனியவோ வேண்டாம். "தொடர்ந்து செய்யும் எண்ணத்தோடுதான் விண்ணப்பித்தேன்" என்று சொல்லி, வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புங்கள்.

மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். பிரதிகளை மட்டும் கொடுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலையென்றால் முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறுதியாக, இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சை என்றால் இங்கிருந்து முதல் நாளே புறப்பட வேண்டும். தங்க இடமில்லாமல் போகாமல் விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்கள் ஓர் இரவுக்கு ஒரு பாயும் ஒரு கோப்பைத் தேநீரும் கொடுக்க முடியாதா? டொரன்டோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் மாதம் ஒரு பிள்ளையின் சுயவிபரத்தைத் திருத்தி, அரைமணி நேரம் தொலைபேசியில் மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்த முடியாதா? பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். நூறு வருடத்தில் நம் பாடசாலை நமக்குத் தந்ததில் ஒரு பங்கை இப்படித் திருப்பிக் கொடுக்கலாம்.

தங்கைகளே, உங்கள் விலாசத்தை முழுமையாக எழுதுங்கள்.